பெங்களூர் விலாசம்

பலகை உங்க முட்டியில இடிக்குதுங்களா தம்பி? இருங்க, இப்பிடித் திருப்பி வெச்சுக்கறேன். மேல வெக்கலாம்னு பாத்தா கண்டக்டர் வேண்டாம்னுட்டாருங்க, பிரேக் அடிச்சா யார் மண்டையில விழுமோன்னு. கீழ போட்டா மிதிபடும். மடியிலயே வெச்சுக்கறதுதான் நல்லது. நீங்க பெங்களூர் வரைக்குமுங்களா? நானும் அங்கதான்.

கோயமுத்தூருங்க நமக்கு. கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்கறேன், பீளமேட்டுக்கு அக்கட்ட. பிருந்தா கிரைண்டர்ஸ். பிருந்தாங்கறது என்ற பொண்ணுங்க, ஒரே பொண்ணு. அவ பொறந்த வருசந்தான் பட்டறை போட்டேன். அவ பேர வெச்ச நேரம், நல்லாத்தான் வந்துது. இந்தத் துணிக்குள்ள இருக்கறது அந்தப் பலகைதானுங்க. பெங்களூர்ல மாட்டியிருந்தது. கழட்டி அனுப்பிட்டாங்க. மறுக்கா மாட்டத்தான் போறேன்.

யாரு கழட்டுனதுன்னு கேக்கறீங்களா? அதத்தாஞ் சொல்ல வர்றேன். ஒரு மாசமா யார்கிட்டயும் சொல்லாம வெசனப்பட்டுட்டுக் கெடக்கறேன் தம்பி. தெரிஞ்சவங்க கிட்டச் சொன்னா ஊரெல்லாம் போயிரும். நீங்க எறங்குனா உங்க பாட்டுக்குப் போயிருவீங்க.

முன்னையெல்லாம் லாரியில ஏத்தி உட்டா முடிஞ்சுதுங்க. இப்ப சனங்க போன்ல தட்டி வாங்கறாங்க. இன்னைக்குத் தட்டுனா நாளைக்கு ஊட்டு வாசல்ல கிரைண்டர் நிக்கோணும். கோயமுத்தூர்ல இருந்து அனுப்புனா அது ஆகுமுங்களா? பெங்களூர்லயே ஆன்லைன் கம்பெனிக்காரன் கிடங்குல கொஞ்சம் சரக்கு வெச்சரோணும். ஆனா அங்க சரக்கு வெக்கோணும்னா கர்நாடகாவுல நம்ம பேருக்குத் தனியா ஒரு ஜி.எஸ்.டி. நம்பர் வேணும். இங்க இருக்கற நம்பர் அங்க செல்லாது. மாநிலத்துக்கு ஒண்ணு.

எங்க ஆடிட்டர் வரதன் வெவரமாச் சொன்னாரு. கிடங்கு அவனுது, அத ரெண்டாவது எடமாத்தான் காட்டலாம். மொத எடம்னு நமக்குன்னு ஒரு விலாசம் வேணும். அங்க வாசல்ல நம்பரோட பலகை தொங்கோணும். வரி ஆபீசர் எப்ப வேணும்னாலும் வந்து பாப்பாங்க, பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கோணும்னாரு. இதயெல்லாம் கேட்டுட்டு ஊட்டுக்கு வர்றேன், தரகர் உக்காந்திருக்காரு. அப்ப பிருந்தாவுக்கு வரன் பாத்துட்டிருந்த சமயங்க.

ரெண்டு எடம் கொண்டாந்திருந்தாரு. ஒண்ணு பொள்ளாச்சி, காலேஜ் வாத்தியாரு. என்ற சம்சாரம் ருக்மணிக்கு அதுதான் புடிச்சுது, நெனச்சா பஸ் ஏறிப் போயிட்டு வந்தரலாம்னு. இன்னொண்ணு சபரிநாதன், பெங்களூர்ல வேலை, ரோட்டு மேல தனி வீடு, வாசல் பாத்த செவுரு. எல்லாரும் ஜாதகத்துல பொருத்தம் பாத்துட்டிருந்தாங்க, நான் விலாசத்துல பாத்தேன். சிரிக்காதீங்க தம்பி. எங்க கிரைண்டர் சங்கத்துல பாதிப் பேரு இப்பிடித்தான். ஒருத்தருக்கு எர்ணாகுளத்துல மச்சான் ஊடு, ஒருத்தருக்கு விஜயவாடாவுல சகலை ஊடு. இன்னொருத்தரு பேரன் படிக்கற ரூமையே கம்பெனின்னு காட்டி வெச்சிருக்காரு. அன்னியன் கிட்டப் போயி விலாசம் கேட்டா தருவானுங்களா? சொந்தத்துல இருந்தாத்தான் நம்பிக்கை. பிருந்தாகிட்டயும் கேட்டேன். நீங்க பாத்துச் செய்யுங்கப்பான்னா. நல்ல புள்ளைங்க அவ.

தலை தீபாவளிக்குச் சீர் கொண்டு போனப்பவே பலகையும் கொண்டு போனேன். பட்டுச்சேலை, பலகாரம், எல்லாத்துக்கும் மேல இது. மாப்ளையும் ஒண்ணுஞ் சொல்லல. கல்யாணத்துக்கப்பறம் வீட்ட ரெண்டு பேர் பேருக்கும் மாத்தி எழுதியிருந்துது, ரெண்டு பேரும் சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போட்டாங்க. அங்கத்த காரியத்துக்குப் பொறுப்பாளுன்னு பிருந்தா பேரையே குடுத்துட்டோம். நானே ஏணி மேல ஏறி நாலு மூலையும் திருகாணி முடுக்குனேன். கீழ நின்னு பாத்துட்டு அவ சொன்னா, எம் பேரு நல்லாருக்குதுப்பான்னு.

அதுக்கப்பறம் நான் எத்தனை தடவ போனாலும் மொதல்ல பலகையத்தாம் பாப்பேன். மழையில நம்பர் அழிஞ்சிருக்குதா, கோணலாயிருச்சான்னு. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க என்னைய.

மகளோட பேசறது கெடயாதான்னு நெனச்சுக்காதீங்க. மாசத்துல ரெண்டு தடவ கட்டாயம் பேசிருவேன். விற்பனைக் கணக்கு ஒருக்கா, வரிக் கணக்கு ஒருக்கா, ரெண்டுக்கும் ஓ.டி.பி. அவ போனுக்குத்தான் வரும். வரதன் ஆபீசுப் பையன் பட்டறைக்கு வந்து பட்டன அமுக்குவான், நான் அவளுக்குப் போன் போடுவேன், அவ நம்பரப் படிப்பா, பையன் அடிப்பான். பத்து நிமிசந்தான் அது உசுரோட இருக்கும். அதுக்குள்ள சாப்டயா, தூங்குனயான்னு கேட்டுட்டு இருந்தா செத்துப் போயிரும். அதனால நம்பரச் சொல்லு அம்மிணின்னுதான் ஆரம்பிப்பேன். தாமசமானா அபராதம், அப்பறம் நோட்டீசு. உங்களுக்குத் தெரியாததா?

ஒருக்கா, ஆனி மாசம்னு நெனைக்கறேன், அவ நம்பரப் படிச்சுட்டு, "அப்பா, நான் அங்கயே வந்தரட்டுமா?"ன்னா. நான் கடைசி நம்பர் நாலா அஞ்சான்னு கேட்டுட்டிருந்தேன். சரியாக் காதுல விழுகல, பட்டறைச் சத்தம் வேற. நாலுப்பான்னா. பையன் அடிச்சான், போயிருச்சு. நான் நிம்மதியாப் பாத்தா அவ லைன்ல இல்ல. மறுக்காக் கூப்படோணும்னுதான் இருந்தேன். அன்னைக்குன்னு பாத்து மோட்டார்க்காரன் வந்துட்டான், அந்தச் சோலியில மறந்துட்டேன்.

சரி, சும்மா ஊருக்கு வரக் கேக்கறாள்னு நெனச்சேன். வேற என்னன்னு நெனைக்க முடியுமுங்க?

அப்பறம் ஆடியில வரி ஆபீசுல இருந்து ஒரு கடுதாசி வந்துது. பலகையும் பொறுப்பாளும் ஒண்ணாத் தெரியற மாதிரி போட்டோ கேட்டிருந்தாங்க. நானே போனேன். பிருந்தாவ வாசல்ல பலகைக்குக் கீழ நிறுத்துனேன். எடது கன்னம் வீங்கியிருந்துது. என்ன அம்மிணின்னேன். பல்லு வலின்னா. மாப்ளை பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு, ஆமா மாமா, டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போறேன்னாரு. ஆபீசுக்குப் போற போட்டோ பாருங்க, நல்லா இருக்கோணும்ல. கொஞ்சம் இப்பிடித் திரும்பி நில்லு கண்ணுன்னேன். திரும்பி நின்னா. அந்தப் பக்கம் நல்லா விழுந்துது போட்டோ. வரதனே பாத்துட்டு ஒரே தடவையில ஏத்துக்கிட்டாங்கன்னாரு.

என்ன தம்பி, அப்பிடிப் பாக்கறீங்க? பல்லு வலின்னு அவதான சொன்னா. அடிக்கறாருப்பான்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை அவ எங்கிட்டச் சொன்னதில்லீங்க. அவிய அம்மாகிட்டச் சொல்லியிருப்பா போல. ருக்மணி அதுக்கப்பறம் அன்னாடம் அதே பேச்சு, போயி அவளக் கூட்டிட்டு வாங்கன்னு. நான் வேண்டாம்னா சொன்னேன்? தீபாவளி ஓட்டம் முடியட்டும்னேன். அவ கெளம்பி வந்துட்டா அங்க ஆள் இருக்காது. ஆபீசர் வந்து பூட்டுன ஊட்டப் பாத்தா நம்பர் போயிரும், சரக்கு பூரா அங்கயே முடங்கும், பட்டறையில இருக்கற சனங்க எங்க போகும்? எல்லாத்தையும் நெனச்சுப் பாக்கோணும்ல. பிருந்தாகிட்டயும் சொன்னேன், ரெண்டு மாசம் பொறுத்துக்க அம்மிணின்னு. சரிப்பான்னுட்டா. மறுக்கா அவ கேக்கவே இல்லீங்க. கேட்டிருந்தாப் போயிருப்பனா இல்லையா, எனக்கே தெரியல.

நான் எதுக்குப் பயந்தேனோ அதே ஆயிப்போச்சு. போன மாசம் ஆபீசர் வந்திருக்காரு. கதவு பூட்டியிருக்குது. வாசல்ல பலகை இல்ல, நாலு ஓட்டை மட்டும் இருக்குது. குறிப்பிட்ட விலாசத்தில் இந்த நிறுவனம் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. நம்பர நிறுத்தி வெச்சுட்டாங்க. ரத்து பண்ணாம இருக்கக் காரணம் சொல்லுன்னு நோட்டீசு. ஆன்லைன் கம்பெனிக்காரன் அன்னைக்கே விக்கறத நிறுத்திட்டான். தீபாவளிக்குன்னு அனுப்புன கிரைண்டர் அத்தனையும் கிடங்குல கெடக்குது. பட்டறையில ஆளுக டீ குடிச்சுட்டு உக்காந்திருக்காங்க, என்ற மொகத்தப் பாக்கறதில்ல.

மாப்ளைக்குப் போன் போட்டேன். உங்க பொண்ணு போயிட்டா, எனக்குத் தெரியாதுன்னாரு. பிருந்தாவுக்குப் போட்டா சுவிட்ச் ஆப். ருக்மணிகிட்ட ஓடுனேன். அவ அடுப்படியில தோசை ஊத்திட்டிருந்தா. பிருந்தாவக் காணமாம்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. "அவ பத்திரமா இருக்கறா. நீங்க போயி நோட்டீசுக்குப் பதில் போடுங்க"ன்னா. எங்க இருக்கறான்னு எவ்வளவோ கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டா. பெத்த அப்பன் கிட்டச் சொல்லக்கூடாதாமுங்க.

அப்பறம்தான் இந்தப் பலகை வந்துது, பஸ் பார்சல்ல. இந்தா, சுத்தியிருக்கறது அவ கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்த படுக்கை விரிப்பு. திருகாணி நாலையும் ஒரு சின்னப் பையில போட்டு முடிஞ்சு வெச்சிருந்தா. சின்னதுல இருந்தே அவ அப்பிடித்தான், ஒரு பொருளத் தொலைக்க மாட்டா. விரிப்ப ஒதறி ஒதறிப் பாத்தேன், ஒரு சீட்டு எழுதி வெச்சிருப்பாளோன்னு. ஒண்ணுமில்ல. பலகையத் திருப்புனேன். பின்னால டேப்பு போட்டு ஒரு சிம்கார்டு ஒட்டியிருந்துது. அவளோட சிம்முங்க, ஓ.டி.பி. வர்ற சிம்மு.

உண்மையச் சொல்றேன் தம்பி, எனக்குச் சந்தோசமா இருந்துது. பாருங்க, போறப்பக்கூட அப்பன் கஷ்டப்படக்கூடாதுன்னு நெனச்சிருக்கறா. பழைய போன் ஒண்ணுல அதப் போட்டேன். நோட்டீசுக்குப் பதில் போடலாம் இனி, ஓ.டி.பி. நம்மளுக்கே வரும். பலகை வந்து சேந்துருச்சு அம்மிணின்னு ஒரு வார்த்தை சொல்லலாம்னு என்ற போன எடுத்து அவ நம்பரப் போட்டேன். மேசை மேல இருந்த பழைய போன் அடிக்குது. நான் அது எதுக்கு அடிக்குதுன்னு எடுக்கப் போனேன். அப்பறந்தாம் புரிஞ்சுது. ரெண்டு போனையும் நானே நிறுத்துனேங்க.

பார்சல் ரசீது இருக்குது பாருங்க, இந்தச் சட்டைப் பையில. அனுப்புன ஊரு ஓசூர்னு போட்டிருக்குது. ஓசூர்ல அவ கூடப் படிச்ச புள்ள ஒருத்தி கார்மென்ட்ஸ்ல சூப்பர்வைசரா இருக்கறா, அங்கதான் இருப்பா. ருக்மணி சொல்லாட்டி எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.

நோட்டீசுக்குப் பதில் போடோணும்னா பலகையும் தொங்கோணும், புதுசா சம்மதக் கடிதமும் வேணும்னு வரதன் சொல்லீட்டாரு. மாப்ளை கையெழுத்து இல்லாம ஆகாது. அவருக்கு மறுக்காப் போன் போட்டேன். மரியாதையாத்தான் பேசுனாரு. "பிருந்தா எங்க இருக்கான்னு சொல்லுங்க மாமா, நான் போட்டுக் குடுத்தர்றேன். எனக்கும் எம் பொண்டாட்டி வேணும்ல"ன்னாரு. எனக்கு அது ஞாயமாத்தான் பட்டுது. புருசன் பொண்டாட்டின்னா முன்னப்பின்னத்தான் இருக்கும், உக்கார வெச்சுப் பேசுனாச் சரியாப் போகும். நேர்ல வந்து சொல்றேன் மாப்ளை, பலகையும் கொண்டாறேன்னு சொல்லீட்டேன்.

அதுவரைக்கும் எல்லாம் சரியாத்தானுங்க இருந்துது.

நேத்துப் பொழுதோட அந்தப் பழைய போன் அடிச்சுது. நம்பரப் பாத்தா மாப்ளை. சிம்முக்கு உசுரு வந்தது தெரிஞ்சிருக்கும் போல. அவ எடுக்கறாள்னு நெனச்சுட்டாரு. நான் அலோன்னுகூடச் சொல்லல, அவரே பேச ஆரம்பிச்சுட்டாரு. சத்தம் போடல தம்பி. மெதுவா, சோறு திங்கறவன் பேசற மாதிரி பேசுனாரு. "போன ஆன் பண்ணீட்டயா? நல்லது. நீ எங்க இருந்தாலும் நாளைக்குத் தெரிஞ்சுரும். உங்கப்பன் பலகையத் தூக்கிட்டு வர்றான். ஒரு கையெழுத்தப் போட்டா உன்ற எடத்தச் சொல்லீட்டுப் போயிருவான். அவனுக்கு நீ எதுக்குடி? இந்த ஊட்டு விலாசந்தான் வேணும். வா, வந்ததுக்கப்பறம் பேசிக்கலாம்." அவ்வளவுதான். வெச்சுட்டாரு.

எனக்கு மொதல்ல கோவந்தான் வந்துது. என்னைய அவன் இவன்னு சொல்லீட்டாருங்க. சீர் வெச்ச மாமனார அப்பிடிச் சொல்லலாமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும் நான். கேக்கலை. கேட்டா கையெழுத்துப் போட மாட்டாரே. கோவம் போனதுக்கப்பறம் அந்தப் பேசிக்கலாம்ங்கறது மட்டும் காதுலயே நின்னுட்டுதுங்க. அவரு அதச் சொன்ன வெதம் இருக்குது பாருங்க, அதச் சொல்லத் தெரியல எனக்கு. எம் புள்ள இதை எத்தனை நாளாக் கேட்டிருப்பா? இந்த சிம்முலதான கேட்டிருப்பா. இதே சிம்முக்குத்தான நான் கூப்பிட்டு நம்பரச் சொல்லு, நம்பரச் சொல்லுன்னுட்டிருந்தேன்.

ஆனாலும் காலையில கெளம்பிட்டேன். கெளம்பாம? நோட்டீசுக்கு நாள் முடியப் போகுது. ருக்மணி வாசல் வரைக்கும் வந்தா. ரசீத நான் பையில வெக்கறதப் பாத்திருப்பா போல. "அங்க போயி வாயத் தொறந்தீங்கன்னா, திரும்பி இந்த ஊட்டுக்கு வராதீங்க"ன்னா. முப்பது வருசத்துல அவ எங்கிட்ட அப்பிடிப் பேசுனதே இல்லீங்க. பஸ் ஏறிட்டேன். சேலம் வரைக்கும் சொல்லீர்றதுதான் நல்லதுன்னு இருந்தேன். கிருஷ்ணகிரி வந்தப்ப சொல்ல வேண்டாமோன்னு இருந்துது. நீங்க சொல்லுங்க தம்பி. அவர் திருந்தியிருக்கலாம்ல? இல்லைங்களா?

சூளகிரி தாண்டிருச்சா? அப்ப ஓசூர் வந்துரும்.

இருங்க, போன் அடிக்குது. என்ற போன் இல்லீங்க, ஓ.டி.பி.க்குன்னு கொண்டாந்த அந்தப் பழைய போன். அவ சிம்மு. அவர்தான், பாருங்க, அதே நம்பர். நான் எங்க வந்துட்டேன்னு கேக்க என்ற போனுக்கில்ல கூப்படோணும். இதுக்குக் கூப்படறாரு. அவள மெரட்டத்தான் கூப்படறாரு. எடுக்கட்டுங்களா? வேண்டாமா?

இல்ல, எடுக்கறேன்.

அலோ.

பிருந்தா இல்லீங்க. அவ அப்பன் பேசறேன்.

ஆமா. நேத்தும் நாந்தான் எடுத்தேன். பூராவும் கேட்டேன்.

இல்ல, வரல. கையெழுத்து வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க. அவ எங்க இருக்கறான்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிட்டா நாந்தான் எடுப்பேன், ஞாபகம் வெச்சுக்குங்க.

வெச்சுட்டேன் தம்பி. தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க. போச்சு, நம்பர் போச்சு, இந்தத் தீபாவளி சரக்கு எப்ப வெளிய வருமோ. வரதன் தலையில அடிச்சுக்குவாரு. ஓசூர்ல அவளப் பாத்தா அந்த வீட்டுல பாதி அவ பேருதான, அவ கையெழுத்து மட்டும் போதுமான்னு ஒருக்காக் கேட்டுட்டு... இல்ல. வேண்டாம். அத நான் கேக்கக்கூடாது.

கண்டக்டர் ஓசூர் ஓசூர்ங்கறாரு. காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க, எறங்கிக்கறேன். டிக்கெட்டு பெங்களூருக்கு எடுத்ததுதான், பரவால்ல. பலகைய எடுத்துட்டே போறேனுங்க, அவ பேரு இருக்குது, பஸ்ஸுல விட்டுட்டுப் போக முடியாது. வர்றேன்னு சொல்லலாம்னா அவ நம்பர் என்ற பையிலதான் கெடக்குது. பார்சல் ஆபீசுல கேட்டுப் பாக்கறேன், கார்மென்ட்ஸ் கம்பெனி வாசல்ல நிக்கறேன், எப்பிடியும் பொழுதுக்குள்ள பாத்துருவேன்.

ஓசூர் நம்ம தமிழ்நாடுதானுங்க தம்பி. இங்க எனக்குத் தனி நம்பர் வேண்டியதில்ல, பலகை மாட்ட வேண்டியதில்ல, ஓ.டி.பி.யும் இல்ல. மகளப் பாக்கறதத் தவிர இந்த ஊர்ல எனக்கு ஒரு சோலியும் இல்லீங்க.